முகாமும் காலணியும்

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை, பாலாற்றை ஒட்டியும் அதற்கு அண்மையிலும் உள்ள ஊர்களில் வளரும் மாணவ மாணவியருக்குத் தோலைப்பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பிட்ட பச்சைத் தோல் வண்டியிலிருந்து இறங்குவதை அவர்கள் பள்ளிக்குப் போகும் வழியிலேயே கண்டிருப்பர். சுண்ணாம்புத் தொட்டியின் வாடை இன்னது, பட்டை ஊறலின் வாடை இன்னது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லவும் அவர்களால் இயலும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமியம் கொண்டு பதனிடும் காலம் வந்ததையும், ஆம்பூரில் தைத்த காலணி கப்பலேறி ஐரோப்பிய நாடுகளுக்குப் போவதையும் வீட்டுப் பெரியோரே சொல்லியிருப்பர். ஆதலால், இரண்டாம் உலகப் போர்க்காலத்து வதைமுகாம்களின் வரலாற்றை இவ்வட்டாரத்து மாணவர்களுக்கு எடுத்துரைக்கும்போதெல்லாம் ஒரு காலணிக் கிடங்கிலிருந்து தொடங்குவது என் வழக்கம்.

அந்தக் கிடங்கு போலந்து நாட்டில், லுப்ளின் நகரத்தின் ஓரத்தில், மைதானெக் என்னும் முகாமில் இருந்தது. 1944ஆம் ஆண்டு ஜூலை மாதம் சோவியத் படைகள் அம்முகாமைக் கைப்பற்றின. காவலர்கள் அவசரமாக ஓடிவிட்டமையால் கட்டடங்களிற் பல அழியாமல் நின்றன. அவற்றுள் ஒன்றில் ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தவை காலணிகள். ஆடவர் அணியும் கனத்த பூட்ஸ், மகளிரின் குதியுயர்ந்த காலணி, உள்ளங்கையில் அடங்கிவிடும் குழந்தைக் காலணி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவற்றின் தொகை 8 லட்சத்துக்கு மேற்படும் என்று சோவியத் விசாரணைக் குழு அப்போது கணக்கிட்டது. பிற முகாம்களில் மாண்டவர்களுடைய காலணிகளும் அங்கே கொண்டுவந்து தரம் பிரிக்கப்பட்டன.

உலகம் இச்செய்தியை உடனே நம்பிவிடவில்லை. அலெக்சாண்டர் வெர்த் என்ற பத்திரிகையாளர் மைதானெக்கை நேரிற் கண்டு விரிவான செய்தியொன்றை லண்டன் பி.பி.சி. வானொலிக்கு அனுப்பினார். இஃது ருஷ்யர்களின் பிரசாரமாக இருக்கக்கூடும் என்று கருதி அந்நிலையத்தார் அதனை ஒலிபரப்ப மறுத்துவிட்டனர் என்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார். வானொலியில் பேசுகின்ற எனக்கு இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி. இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. மைதானெக்கில் 15 லட்சம் பேர் மாண்டனர் என்று அன்று கூறப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களை ஒப்புநோக்கி அத்தொகையைச் சுமார் 78,000 என்று குறைத்திருக்கின்றனர். எண்ணிக்கை குறைந்ததால் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆயினும், இறந்தோரைச் சரியாக எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம். வரலாறு படிக்கும் மாணவர் பெரிய எண்ணைக் கண்டு மயங்கவும் கூடாது. சிறிய எண்ணைக் கண்டு அலட்சியம் கொள்ளவும் கூடாது.

முகாம் என்றால் என்ன? சிறைச்சாலையினும் அது எவ்வாறு வேறுபட்டது? வேலூர் மாணவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. அவர்கள் ஊரிலேயே புகழ்பெற்ற சிறைச்சாலை இருக்கிறது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் இராஜாஜி ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி, மூன்று மாதத் தண்டனை பெற்று, அச்சிறைக்கு வந்தார். உள்ளே இருந்தபடி நாட்குறிப்பு எழுதினார். தண்டனைக் காலம் முடிந்ததும் வெளியே வந்தார். அந்நிய ஆட்சியின் சிறையே எனினும், அதற்குள் செல்ல ஒரு குற்றச்சாட்டும், ஒரு நீதிபதியும், ஒரு தீர்ப்பும், விடுதலைக்கு ஒரு தேதியும் இருந்தன. முகாமில் இந்நான்கும் இல்லை. ஒருவன் இன்ன செயலைச் செய்தான் என்பதற்காக அங்கே அடைக்கப்படுவதில்லை. அவன் இன்ன இனத்தான், இன்ன கட்சியான், இன்ன நாட்டான் என்பதே போதும். எந்த நாளில் வெளியே வருவோம் என்று அவனுக்கும் தெரியாது, அடைத்தவனுக்கும் தெரியாது.

'கான்சென்ட்ரேஷன்' என்ற சொல்லுக்கு ஓரிடத்திற் குவித்தல் என்பதே பொருள். 1896இல் கியூபாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வெய்லர் என்ற ஸ்பானியத் தளபதி நாட்டுப்புறத்து மக்களையெல்லாம் வேலியிட்ட ஊர்களுக்குள் குவித்து அடைத்தார். கொரில்லாப் படையினருக்குச் சோறு போடுவோர் இல்லாமற் செய்வது அவர் நோக்கம். பல்லாயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். சில ஆண்டுகளுக்குள் பிரிட்டிஷார் அதே முறையைத் தென்னாப்பிரிக்காவிற் கையாண்டனர். 1900 முதல் 1902 வரை போயர் குடும்பங்களையும் கறுப்பின மக்களையும் தனித்தனி முகாம்களில் அடைத்தனர். போயர்களில் ஏறத்தாழ 28,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களில் இறந்தோர் தொகை 14,000க்குக் குறையாது. எமிலி ஹாப்ஹௌஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி நேரிற் சென்று கண்டு தம் நாட்டாரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பினார். அதே போரில் பிடிபட்ட போயர் வீரர்களுட் சிலரைக் கடல் கடந்து கொண்டுவந்து நம் திருச்சிராப்பள்ளியிலும் அடைத்து வைத்தனர் என்பது பலர் அறியாத செய்தி.

ஜெர்மனியில் ஹிட்லர் பதவியேற்று இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்பே, 1933 மார்ச் 22ஆம் நாள், மியூனிக் நகருக்கருகே டாக்கௌ முகாம் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் தொழிற்சங்கத்தாருமே முதலில் அதற்குள் தள்ளப்பட்டனர். பின்னர் யூதர், ரோமா மக்கள், யெகோவாவின் சாட்சிகள், மனங்கோணிய பாதிரிமார், ஓரினச் சேர்க்கையாளர் என்று பட்டியல் நீண்டது. இந்தக் கைதுக்கு நாஜிகள் இட்ட பெயர் 'பாதுகாப்புக் காவல்'. யாருக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்க அங்கே நீதிமன்றம் இல்லை.

டாக்கௌவில் மாண்டோருள் வேலூர்க் கோட்டையோடு தொடர்புடைய குடும்பத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்களும் உறவினரும் வேலூர்க் கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் (அக்கிளர்ச்சிக்கு மூட்டிய காரணங்களுள் புதிய தலைப்பாகையில் வைத்திருந்த தோற்பட்டமும் ஒன்று), அக்குடும்பத்தார் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வழியில் வந்தவர் இனாயத் கான் என்ற இசைவாணர். சூஃபி ஞானியாகவும் விளங்கியவர். அவருடைய மகள் நூர் இனாயத் கான். 1914இல் மாஸ்கோவிற் பிறந்து, பாரிசில் வளர்ந்து, புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். போர் மூண்டபின் இங்கிலாந்து சென்று, கம்பியில்லாத் தந்தி பயின்று, 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரகசியமாக இறங்கினார். உடனிருந்தோர் பலரும் பிடிபட்ட பின்னும், இடம் மாறி மாறி நின்று லண்டனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரிற் காட்டிக் கொடுக்கப்பட்டுக் கைதானார். கையிலும் காலிலும் விலங்கிட்டு ஒரு ஜெர்மானியச் சிறையில் மாதக்கணக்கில் வைத்திருந்தனர். 1944 செப்டம்பர் 13ஆம் நாள் டாக்கௌவில் வேறு மூன்று பெண்களோடு அவரையும் சுட்டுக் கொன்றனர். விசாரணையென்று எதுவும் நடைபெறவில்லை. வேலூர்க் கோட்டையில் இருந்தவர்களும் காவலில் இருந்தவர்களே. ஆனால் அவர்கள் இன்னார் என்பது எதிரிக்குத் தெரியும், ஏட்டில் பெயர் உண்டு, இறந்தோருக்கு வேலூரிற் கல்லறைகள் உண்டு. நூரைப் போன்றவர்கள் இரவிலும் பனிமூட்டத்திலும் மறைந்துபோக வேண்டும் என்பதே நாஜிகளின் ஆணை. அவர் எங்கே எவ்வாறு இறந்தார் என்பது போர் முடிந்து நெடுநாள் தேடிய பிறகே துலங்கிற்று.

இனித் தோலுக்கு வருவோம். போர் என்பது முதலாவதாகக் கால்நடைப் பயணம் என்று படைத்துறையார் அறிவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் பயன்பட்டது நம் சென்னை மாகாணத்தில் பட்டையிற் பதனிட்ட தோல். வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் சாலைகள் அக்காலத்தில் அரசாங்கத்தின் பெருந்தேவையாற் செழித்தன. அப்போருக்கு முன்னர் இந்தியாவின் பச்சைத் தோலை மிகுதியாக வாங்கிய நாடு ஜெர்மனியே என்பதை இங்கு மறந்துவிடலாகாது. இரண்டாம் போரில் பிரிட்டிஷ் கடற்படை மீண்டும் வழியை அடைத்தது. தோல் வரவில்லை, ரப்பரும் வரவில்லை. செயற்கைத் தோல், செயற்கை ரப்பர், அழுத்திய அட்டை, மரம் என்று எதையெதையோ கொண்டு அடித்தோல் செய்து பார்க்க வேண்டிய நிலை ஜெர்மானியத் தொழிலதிபர்களுக்கு ஏற்பட்டது. செய்த அடித்தோல் எத்தனை மைல் தாங்கும்?

ஆம்பூரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை சொல்ல இயந்திரம் இருக்கிறது. காலணியை அதிற் பொருத்திப் பல்லாயிரம் முறை மடக்கியும் தேய்த்தும் பார்ப்பர். 1940இல் ஜெர்மானிய அரசின் பொருளாதாரத் துறையார் வேறொரு வழி கண்டனர். பெர்லினுக்கு வடக்கே, 1936இல் அமைத்த சாக்சன்ஹௌசன் முகாமின் அணிவகுப்புத் திடலைச் சுற்றி ஒரு நடைபாதை போடப்பட்டது. அதன் சுற்று சுமார் 700 மீட்டர். ஒரு பகுதி கான்கிரீட், ஒரு பகுதி கரித்தூள், ஒரு பகுதி உடைகல், ஒரு பகுதி மணல், ஒரு பகுதி களிமண் என்று ஐரோப்பாவின் சாலைகளெல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் வந்துவிட்டன. காலணிச் சோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட கைதிகள் அதில் நாள்தோறும் 30, 40 கிலோமீட்டர் நடந்தனர். சில வேளை முதுகிற் சுமையோடு நடந்தனர். மழையும் பனியும் சோதனைக்கு உகந்தவை என்று கொள்ளப்பட்டன. பாடிக்கொண்டே நடக்கவும் சொல்வர். விழுந்தவன் எழாவிட்டால் அடுத்த கைதி அந்தக் காலணியை மாட்டிக்கொள்வான்.

சோதனை முடிவுகள் ஒழுங்காக எழுதப்பட்டன. இன்ன பொருள் இத்தனை கிலோமீட்டரில் தேய்ந்தது, இன்ன தையல் இத்தனையாவது நாளில் விட்டது என்று பதிவு இருந்தது. கைதியைப் பயன்படுத்தியதற்காகக் காலணி நிறுவனங்கள் நாட்கூலி கட்டின. கூலி கைதிக்குப் போகவில்லை, கருவூலத்துக்குப் போயிற்று. அந்த ஏடுகளைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்த பொறியாளர்கள் படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் யாரையும் தம் கையால் அடித்திருக்க மாட்டார்கள். தொழில்நுட்பம் பயிலப் போகும் மாணவர்கள் இந்த நடைபாதையைப்பற்றி அவசியம் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அதன் ஒரு பகுதி இன்றும் அங்கே நினைவிடமாக இருக்கிறது.

டாக்கௌ, சாக்சன்ஹௌசன் போன்றவை வதைமுகாம்கள். வேலை வாங்குவதும் அச்சுறுத்துவதும் அங்கே நோக்கம்; சாவு அதன் உடன்விளைவு. 1941 டிசம்பர் முதல் வேறு வகை முகாம்கள் தோன்றின. போலந்து மண்ணில் ஹெல்ம்னோ, பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா என்ற நான்கும் கொல்வதற்கென்றே கட்டப்பட்டவை. ரயிலில் வந்திறங்கியோரில் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரத்துக்குள் நச்சுப்புகையாற் கொல்லப்பட்டனர். ட்ரெப்ளிங்காவில் 1942 ஜூலை தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் சுமார் 9 லட்சம் யூதர்கள் மாண்டனர். அம்முகாம் இருந்த இடம் நம் கல்லூரி வளாகம் ஒன்றைவிடப் பெரிதன்று. ஆஷ்விட்ஸ் இரண்டு வகையும் கலந்தது. உடல்வலிமை உள்ளோர் வேலைக்கு, முதியோரும் தாய்மாரும் குழந்தைகளும் நச்சுப்புகை அறைக்கு என்று மேடையிலேயே பிரித்தனர். அங்கு இறந்தோர் சுமார் 11 லட்சம். போர் முடியும்போது கொல்லப்பட்டிருந்த யூதர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 60 லட்சம். இவர்கள் அனைவரும் முகாம்களில் இறந்ததாகக் கொள்ளலாகாது. 15 முதல் 20 லட்சம் பேர் தத்தம் ஊர்களுக்கருகிலேயே குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்டனர்.

கொலைமுகாம்களில் வந்திறங்கியோருக்கு முதலில் தரப்பட்ட கட்டளைகளுள் ஒன்று, கழற்றிய காலணி இரண்டையும் சேர்த்துக் கட்டி வையுங்கள் என்பது. குளித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நம்பினர். இணை பிரிந்த காலணி விலைபோகாது என்பது கட்டளையிட்டவனுக்குத் தெரியும். காலணித் தொழிலை அறிந்த நம் வட்டாரத்தார்க்கு இந்தச் சிறு செய்தி முழுதும் விளங்கும். வேறு விளக்கம் வேண்டா. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்று 1,10,000 காலணிகள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் 8,000 அளவு குழந்தைகளுடையவை. தோல் காய்ந்து வெடிக்காமல் காப்பதற்கென்றே அங்கு வல்லுநர்கள் பணியாற்றுகின்றனர்.

நல்ல காலணி குவியலிற் கிடக்க, வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கைதிகளுக்குக் கொடுத்தது மரத்தால் அடி வைத்த கட்டைச் செருப்பு. ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் மீண்ட இத்தாலிய ரசாயன அறிஞர் பிரைமோ லெவி, தம் நூலில் இதற்குத் தனி இடம் தந்திருக்கிறார். அளவு பொருந்தாத கட்டைச் செருப்பு சில மணி நேரத்தில் காலைப் புண்ணாக்கும். புண் சீழ்வைக்கும், கால் வீங்கும், வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாது. நடை தளர்ந்தவன் வேலையிற் பின்தங்குவான், பின்தங்கியவன் அடிபடுவான். மருத்துவக் கொட்டகைக்குப் போனாலோ, இனி உழைப்புக்கு உதவான் என்று எழுதிவிடுவர். ஒரு சிறு கொப்புளம் மனிதனை நச்சுப்புகை அறை வரை இட்டுச்செல்லும் வழி இதுதான்.

காற்புண் எத்துணைக் கொடியது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஊர்களுள் வேலூரும் ஒன்று. கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதங்கள் அழிவதற்குக் காரணம் நோயின் நேரடித் தாக்குதலன்று, வலி உணராமையால் ஏற்படும் புண்ணே என்று கண்டார். மென்மையான ரப்பர் அடியும் சரியான அளவும் கொண்ட செருப்பைத் தந்து அப்பாதங்களைக் காக்கலாம் என்று மெய்ப்பித்தார். ஐரோப்பாவில் காலணியைக் கொண்டு மனிதரை அழித்த சில ஆண்டுகளுக்குள் வேலூரில் அதே பொருளைக் கொண்டு மனிதரைக் காத்தனர் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

"ஐயா, இது ஐரோப்பியர் கதைதானே? நம்மவருக்கு இவ்வாறு நேர்ந்ததுண்டா?" என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்கத் தவறுவதில்லை. நேர்ந்தது. அதற்கு வட ஆர்க்காட்டு மக்களும் பலியாயினர்.

தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களைப் போலவே வட ஆர்க்காடு மாவட்டமும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பிய மாவட்டம். கங்காணிமார் ஊர் ஊராக வந்து ஆள் திரட்டினர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசாங்கம் இப்போக்குவரத்தைத் தடை செய்தது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கானோர் அங்கே குடும்பத்தோடு வேரூன்றியிருந்தனர். அவர்கள் பாலெடுத்த ரப்பர் உலகத்துக் காலணிகளுக்கெல்லாம் அடியாயிற்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை; அரிசியும் இல்லை.

ஜப்பானியருக்கு அப்போது பர்மாவிலிருந்த தம் படைகளுக்குத் தளவாடம் அனுப்ப ஒரு ரயில்பாதை தேவைப்பட்டது. சயாமின் பான்போங் முதல் பர்மாவின் தன்பியுசயாத் வரை, காடும் மலையும் ஊடுருவி, 415 கிலோமீட்டர். 60,000க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க்கைதிகளை முதலில் அவ்வேலையில் இறக்கினர். அது போதாமையால் 1943இல் ஆசியத் தொழிலாளரைப் பெருவாரியாகக் கொண்டுவந்தனர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, இலவச உணவு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று தோட்டங்களில் அறிவித்தனர். சிலர் தாமே சென்றனர். சென்றவர் எவரும் திரும்பாதது கண்டு மற்றவர் தயங்கியபோது வலிந்து பிடித்தனர். படக்காட்சி இலவசம் என்று கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து, லாரிகளில் ஏற்றிச் சென்றதைப் பிழைத்தோர் கூறியிருக்கின்றனர். மலாயாவிலிருந்து சென்றவர் ஏறத்தாழ 78,000. அவருட் பெரும்பான்மையோர் தமிழர். பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரரும், சீனரும் சேர்ந்த மொத்தத் தொகை 2 லட்சத்தை நெருங்கும்.

மூடிய சரக்கு வண்டிகளில் பல நாட்கள் சென்று, பின்னர்க் காட்டுப் பாதையில் நாட்கணக்கில் நடந்து அவர்கள் முகாம்களை அடைந்தனர். பருவமழை தொடங்கியிருந்தது. பெரும்பாலோருக்குக் காலிற் செருப்பில்லை. அக்காட்டில் மூங்கில் மிகுதி. மூங்கிற் சிராய் கீறினால் அந்தச் சிறு கீறல் சில நாட்களில் எலும்பு தெரியும் புண்ணாக வளரும். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கும் அப்புண் வந்தது. அவர்களுடைய பூட்ஸும் மழையில் இற்றுப்போயிற்று. ஆயினும் அவர்களுக்கு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தனர். கருவியின்றியும் மருந்தின்றியும் அம்மருத்துவர்கள் அழுகிய கால்களைத் துண்டித்துப் பலரைக் காப்பாற்றினர். தண்ணீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும் என்று கண்டிப்பாக ஒழுங்கு நடத்தினர். தமிழ்த் தொழிலாளரின் குடிசைகளில் மருத்துவரும் இல்லை; ஒழுங்கு நடத்தும் அதிகாரியும் இல்லை. 1943இன் நடுவில் வாந்திபேதி பரவியபோது வரிசை வரிசையாக மாண்டனர். அதன் பிறகுதான் போர்க்கைதி மருத்துவர்களுள் ஒரு சிலரை இத்தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர்.

1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைத் தண்டவாளங்களும் இணைந்தன. நான்கு நாட்கள் கழித்துச் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அவர் படையிற் சேர்ந்தனர். நாட்டுப்பற்றாற் சேர்ந்தோர் பலர்; பாதைக்குப் பிடித்துக்கொண்டு போவதினும் படைக்குப் போவது மேல் என்று சேர்ந்தோரும் உண்டு. நம் விடுதலைக்குத் துணைநின்ற நாடே நம்மவரை இவ்வாறு கொன்றது என்ற உண்மை மனத்துக்கு உவப்பானதன்று. நம் நாட்டுப் பாடநூல்களில் இப்பாதை நெடுங்காலம் இடம்பெறாமற் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போர்க்கைதிகளில் இறந்தவர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் எத்தனை பேர் என்பதில் 70,000 முதல் 1 லட்சம் வரை கணக்குகள் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டிலேயே செய்தி இருக்கிறது. போர்க்கைதி ஒவ்வொருவருக்கும் படைப்பதிவேட்டில் பெயரும் எண்ணும் உண்டு. அவன் இறந்த நாளைத் தோழர் இரகசியமாக எழுதிவைத்தனர். தோட்டத் தொழிலாளியின் பெயரை எழுதியவர் இல்லை.

சயாம்ப் பாதையை ட்ரெப்ளிங்காவோடு ஒன்றாக வைத்துப் பேசலாமா? கூடாது என்பதே என் கருத்து. ட்ரெப்ளிங்காவில் ஓர் இனம் முழுதும் சாகவேண்டும் என்று திட்டமிட்டனர். சயாமில் பாதை முடியவேண்டும், அதற்காக எத்தனை பேர் செத்தாலும் சரி என்றிருந்தனர். சட்டத்தின் கண்ணுக்கும் வரலாற்றின் கண்ணுக்கும் இவ்விரண்டும் வெவ்வேறு குற்றங்கள். ஆனால் சாக்சன்ஹௌசனின் நடைபாதைக்கும் சயாமின் காட்டுப் பாதைக்கும் இடையே எனக்கு மிகுந்த வேறுபாடு தெரியவில்லை. இரண்டிலும் தேய்ந்த மனிதனுக்குப் பதில் வேறு மனிதன் கிடைப்பான் என்பது கணக்கு.

போர் முடிந்தபின் நூரம்பெர்க்கிலும் டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் விசாரணைகள் நடந்தன. சயாம்ப் பாதைக்காகத் தண்டனை பெற்ற ஜப்பானியர் பலர். ஆனால் அவ்வழக்குகளில் பெரும்பாலும் பேசப்பட்டது வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் துன்பமே. காஞ்சனபுரி நகரத்தில் இன்று போர்க்கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். மிகப் பெரும்பாலானவற்றின் மேல் பெயரும், படைப்பிரிவும், இறந்த தேதியும் பொறித்திருக்கின்றன.

நம் பகுதியில் அவ்வாறு பெயர் பொறிக்கும் வழக்கம் பழமையானது. ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்துள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆநிரை கவர வந்த படையோடு பொருது வீழ்ந்த வீரர்களுடையவை. மாட்டுக்காக மடிந்தவன் இன்னான் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் கல்லிற் படிக்கிறோம். அதே முறையைப் பின்பற்றி, சயாம்ப் பாதையில் மாண்ட தமிழருக்காக 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த விகாரையின் வளாகத்தில் நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. பல்லாயிரவருக்கும் சேர்த்து அந்த ஒரு கல். வட ஆர்க்காட்டிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் இன்னும் சில வீடுகளில் பாட்டிமாருக்கு நினைவிருக்கக்கூடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், போனவர் பெயர், ஊர், போன ஆண்டு, எந்தத் தோட்டம் என்ற நான்கையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.